பாரில் குடிக்கும் டிராஃப்ட் பீருக்கும் வீட்டில் திறக்கும் பாட்டிலுக்கும் ஒரே அளவுகோலா?

பாளை_வாசகன்:
நான் பாளையங்கோட்டைக்காரன், வேலை பெங்களூருவில். குடிக்கும் பீர் வகைகளைப் பற்றி மதிப்பெண்ணோடு குறிப்பெழுதி வைப்பது என் வழக்கம். பிஜேசிபி என்னும் அமெரிக்க நடுவர் அமைப்பின் தாளைப் பின்பற்றுகிறேன். அதில் மொத்தம் 50 மதிப்பெண். சுவைக்கு 20, மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3 மட்டுமே. பெங்களூருவில் ஒரு பாரில் குழாயில் பிடித்துத் தந்த லாகர் வகைப் பீரில் வெண்ணெய் வாடை தூக்கலாக இருந்ததால் குறைத்தே மதிப்பெண் இட்டேன். விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது அதே லாகரைப் பாட்டிலில் வாங்கி வீட்டில் குடித்துப் பார்த்தேன். வெண்ணெய் வாடை துளியும் இல்லை. ஆனால் நனைந்த அட்டைப்பெட்டியை முகர்ந்தது போன்ற மந்தம் தெரிந்தது. இவற்றில் எதை அந்தப் பீரின் தரமாகப் பதிவு செய்வது? இரண்டுக்கும் சராசரி எடுக்கலாமா?

தெற்கு_பஜார்:
தம்பி, சராசரி எடுக்க வேண்டாம். பாரில் நீங்கள் மதிப்பெண் போட்டது பீருக்கு மட்டுமல்ல, அது வந்த குழாய்க்கும் சேர்த்துத்தான். வளைகுடா நாட்டு விடுதி ஒன்றின் பாரில் நெடுநாள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வெண்ணெய் வாடைக்குக் காரணம் டயசெட்டில் என்னும் பொருள். நொதித்தலை அவசரமாக முடித்தால் ஆலையிலேயே அது தங்கிவிடும். குழாய்க்குள் பாக்டீரியா படிந்தாலும் அதே வாடை பிறக்கும். பாட்டிலில் அது இல்லை என்கிறபோது, என் ஐயம் முதலில் குழாயின் மேல்தான் விழும். பீர் வரும் குழாய்களை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது காரக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும் என்பது இந்தத் தொழிலில் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. அதைத் தவறவிட்டால் முதலில் வெண்ணெய் வாடையும், பிறகு காடிப் புளிப்பும் வரும்.

கண்ணாடிக் கிளாசையும் உற்றுப் பாருங்கள். உட்சுவரில் குமிழிகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு மேலே எழும்பாமல் நின்றால், அங்கே எண்ணெய்ப் பசையோ சோப்பின் மிச்சமோ இருக்கிறது என்று பொருள். சுத்தமான கிளாசில் ஒவ்வொரு மடக்குக்கும் நுரை ஒரு வளையத்தை விட்டுவிட்டு இறங்கும். வீட்டில் இதைச் சோதிக்க, கிளாசின் உட்புறத்தை நனைத்துக்கொண்டு உப்பைத் தூவுங்கள். பசை இருக்கும் இடத்தில் உப்பு ஒட்டாது.

வள்ளியூர்_வாசி:
அண்ணாச்சி குழாயைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் வீட்டுப் பாட்டிலை மட்டும் குற்றமற்றதென்று எண்ணிவிடக் கூடாது. நனைந்த அட்டை வாடை, பீருக்குள் நுழைந்த ஆக்சிஜனால் வருவது. வெப்பம் கூடக்கூட அந்த மாற்றம் விரைவாகும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் லாரியிலும் கிட்டங்கியிலும் கிடந்த பாட்டிலை வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைத்து எடுத்தால் குளிர்ச்சி கிடைக்குமே தவிர, போன சுவை திரும்பாது. பச்சைப் பாட்டிலானால் வெளிச்சமும் சேர்ந்து கெடுக்கும். பீருக்குக் கசப்பூட்டச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் ஒளி பட்டுச் சிதைந்து கந்தக நாற்றம் கொடுக்கும். பழுப்புப் பாட்டில் அதைப் பெருமளவு தடுக்கும். ஆகவே தயாரிப்புத் தேதியையும் பாட்டிலின் நிறத்தையும் குறிக்காமல் மதிப்பெண் எழுதுவதில் பயனில்லை. இன்னொன்று, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் மதிப்பிடாதீர்கள். மிகைக் குளிர் மணத்தை மூடிவிடும். லாகருக்கு 7 டிகிரி அளவு வந்த பிறகு மூக்கருகே கொண்டு செல்லுங்கள்.

கடனாநதி:
இரண்டு பதில்களிலும், பார் என்பது பீரைக் கெடுக்கும் இடம் என்ற தொனி கேட்கிறது. அதை நான் ஏற்கவில்லை. பெங்களூருவில் பாரிலேயே வடித்துத் தரும் கோதுமை பீரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் ஈஸ்ட்டிலிருந்து வருபவை. தொட்டியிலிருந்து கிளாசுக்குச் சில அடி தூரம்தான். பனங்காட்டில் பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் பனையோலைப் பட்டையில் ஊற்றித் தரும் பதநீரை, கேனில் அடைத்து மதியம் ஜங்ஷனுக்கு வந்து சேர்ந்த பதநீரை வைத்து யாராவது எடைபோடுவார்களா? அத்தகைய பீருக்கு வீட்டு மதிப்பீடு என்ற பேச்சே எழாது. கின்னஸ் பீர் நிறுவனம் 1959-ல் நைட்ரஜன் கலந்து ஊற்றும் முறையைக் கொண்டுவந்ததே, பாரில் கிளாசில் இறங்கும்போது அந்த மெல்லிய நுரை வர வேண்டும் என்பதற்காகத்தான். பாரில் குடிக்கவென்றே வடித்த பீரைப் பாரில்தான் மதிப்பிட வேண்டும். எந்த பார், எந்த நாள், எத்தனை மணி என்பதை மதிப்பெண்ணுக்கு மேலேயே எழுதிவிட்டால் போதும்.

பாளை_வாசகன்:
மூவருக்கும் நன்றி. பழைய குறிப்புகளைப் பார் என்றும் பாட்டில் என்றும் பிரித்து எழுதத் தொடங்கிவிட்டேன். ஓர் ஐயம் மட்டும் மிஞ்சுகிறது. குழாயை எப்போது கழுவினீர்கள் என்று பாரில் கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்களா?

தெற்கு_பஜார்:
முறையாகக் கழுவுகிறவர் தயங்காமல் தேதி சொல்லுவார், தம்பி. கேட்கக் கூச்சமாக இருந்தால், அதிகம் போகிற பீர் எது என்று கேட்டு, முதலில் அதையே வாங்குங்கள். கடை திறந்தவுடன் போகாதீர்கள். இரவு முழுவதும் குழாயில் தேங்கிய பீர் முதல் கிளாசில்தான் வந்து விழும். கூட்டம் ஓடிக்கொண்டிருக்கும் மாலை வேளையில் சிறு கிளாசில் சுவை பார்க்கக் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அதிலேயே வெண்ணெய் வாடை வந்தால், வேறொரு குழாயிலிருந்தும் கொஞ்சம் கேட்டு வாங்குங்கள். இரண்டிலும் அதே வாடை இருந்தால் அன்றைக்கு மதிப்பெண் தாளை எடுக்காதீர்கள்.