செயலியில் 80 சதவீதம், தாளில் அதே பழைய தவறு: மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு டேப்லெட்டை எப்படிப் பயன்படுத்துவது?

புதுச்சுண்ணம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஆசிரியர் பயிற்சிக்காக நான்காம் வகுப்பில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். 36 பிள்ளைகள், 40 நிமிடப் பாடவேளை. ஒரு புரொஜெக்டரும் 12 டேப்லெட்டும் இருக்கின்றன. இப்போது நடப்பது மூன்றிலக்க எண்களை இனமாற்றிக் கழித்தல், அதாவது அடுத்த இடத்திலிருந்து கடன் வாங்கிக் கழித்தல்.

பின்தங்கும் 7 பேருக்குத் தினமும் 20 நிமிடம் டேப்லெட்டில் கழித்தல் பயிற்சி. அந்த நேரத்தில் மற்றவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். செயலியில் நான்கு விடைகளில் ஒன்றைத் தொட வேண்டும். தவறினால் மறுபடி முயலலாம், குறிப்புப் பொத்தானும் உண்டு. இரண்டு வாரத்தில் ஏழு பேரும் 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள். ஆனால் தாளில் 52 - 27 கொடுத்தால் பலர் இன்னும் 35 என்றே எழுதுகிறார்கள்.

இது ஏன்? டேப்லெட்டை வேறு எப்படிப் பயன்படுத்தலாம்? இந்த ஏழு பேரில் இருவருக்குக் கேள்வியை வாசிக்கவே சிரமம். அவர்களுக்குக் கேள்வியை ஒலியாகக் கேட்கவைப்பது சரியா, அல்லது வாசிப்பை அது கெடுத்துவிடுமா?

இடமதிப்பு

முதலில் அந்த 80 சதவீதத்தைப் பிரித்துப் பார்ப்போம். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே நூற்றுக்கு 25 சரியாக வரும். தவறிய விடையை விட்டுவிட்டு இரண்டாம் முறை தொடலாம் என்றால் 50. மூன்றாம் முறையும் உண்டென்றால் 75. மறுமுயற்சியில் வந்த சரியையும் செயலி 'சரி' என்றே எண்ணுகிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். எண்ணுகிறது என்றால், கழிக்கவே தெரியாத பிள்ளையும் குறிப்புப் பொத்தானின் துணையோடு 80-ஐத் தொட்டுவிடும். ஒரு கணக்குக்கு எத்தனை வினாடி ஆனது என்ற விவரம் கிடைத்தால் அதையும் பாருங்கள். மூன்றிலக்கக் கழித்தலுக்கு 3 வினாடியில் விடை வந்திருந்தால் அந்தப் பிள்ளை கணக்குப் போடவில்லை. இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. நான்கு விடைகளின் கடைசி இலக்கமும் வெவ்வேறாக இருந்தால், ஒன்றுகளை மட்டும் கழித்தே விடையைப் பிடித்துவிடலாம்.

அடுத்து, 35 என்ற விடை. அது கவனக்குறைவால் வருவதில்லை. 'பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழி' என்ற விதியை அந்தப் பிள்ளை ஒழுங்காகப் பின்பற்றுகிறது: 7-இலிருந்து 2 போக 5, 5-இலிருந்து 2 போக 3. கழித்தலில் பிள்ளைகள் இப்படித் தமக்கென வைத்துக்கொள்ளும் தவறான விதிகளை ஆய்வாளர்கள் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978-இலேயே வகைப்படுத்தி எழுதினார்கள். தவறான விதியை வைத்திருக்கும் பிள்ளைக்கு அதே கணக்கை இருபது நிமிடம் கொடுத்தால் அந்த விதிதான் உறுதிப்படும்.

ஆகவே எந்த விதி என்று கண்டுபிடியுங்கள். 503 - 267 என்ற ஒரே கணக்கு நிறையச் சொல்லிவிடும்:

236: சரி.
364: ஒவ்வோர் இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது.
336: பூச்சியத்தை 9 ஆக்கிவிட்டது, ஆனால் நூறுகளில் ஒன்றைக் குறைக்க மறந்துவிட்டது.
206: பூச்சியத்தைத் தாண்டி நூறிலிருந்து நேராக ஒன்றுகளுக்குக் கடன் வாங்கியது, பத்துகளில் '0-இலிருந்து 6 போகாது, ஆகவே 0' என்று எழுதியது.

இதே நான்கையும் விடைகளாக வைத்தால், எதைத் தொட்டது என்பதே நோயைச் சொல்லிவிடும். ஒரே கணக்கை வைத்து முடிவு கட்டவும் வேண்டாம். 48 - 23, 52 - 27, 340 - 126, 503 - 267, 600 - 238 என ஐந்து கணக்குகளைத் தாளில், குறிப்பு எதுவும் இல்லாமல் கொடுங்கள். முதல் கணக்கே தவறினால் சிக்கல் இனமாற்றத்துக்கும் முந்தையது. 340 - 126-க்கு 226, 600 - 238-க்கு 438 என்று வந்தால் 364 எழுதிய அதே விதிதான்.

364 வகைக்கு மருந்து குச்சிக்கட்டு. பத்துக் குச்சிகள் கொண்ட 5 கட்டும் 2 தனிக்குச்சியும் கொடுத்து, 27-ஐ எடுக்கச் சொல்லுங்கள். தனிக்குச்சி இரண்டிலிருந்து ஏழை எடுக்க முடியாது. ஒரு கட்டை அவிழ்த்தே ஆக வேண்டும். அவிழ்த்த அந்த நொடியிலேயே தாளில் 5-ஐ அடித்து 4 என்றும், 2-ஐ அடித்து 12 என்றும் எழுதவையுங்கள். பலரும் தவறுவது இங்கேதான். குச்சி ஒரு நாள், தாள் மறுநாள் என்று பிரித்துவிட்டால், குச்சியில் செய்தது ஒரு விளையாட்டாகவும் தாளில் செய்வது வேறொரு சடங்காகவும் பிள்ளை மனத்தில் நின்றுவிடும். 336, 206 வகைக்குக் குச்சியைவிட நூறு, பத்து, ஒன்று என்று எழுதிய அட்டைகள் வசதி. ஒரு நூறு அட்டையைப் பத்துப் பத்து அட்டைகளாக மாற்றி, அதில் ஒன்றைப் பத்து ஒன்றுகளாக மாற்றினால், பூச்சியம் இருந்த இடத்தில் 9 எப்படி வந்தது என்பதைப் பிள்ளை கண்ணாலேயே பார்த்துவிடும்.

கரும்பலகை

மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். வகுப்பு ஏற்பாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்கள் திட்டத்தில் பாடம் புரிந்தவர்களுக்கு ஆசிரியர், புரியாதவர்களுக்குக் கருவி. அதைத் திருப்பிப் போடுங்கள். புரிந்தவர்கள்தாம் டேப்லெட்டோடு தனியே சமாளிப்பார்கள். தவறும் பிள்ளைக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க ஆள் வேண்டும்.

யாருக்கு எது புரியவில்லை என்பதைத் தினமும் 5 நிமிடத்தில் தெரிந்துகொள்ள பிளிக்கர்ஸ் அட்டைகள் உதவும். பிள்ளைகளிடம் கருவி வேண்டாம், இணையத்தோடு உங்கள் கைப்பேசி ஒன்று போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண்ணிட்ட காகித அட்டை. அதன் நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி. எந்த விடையோ அந்தப் பக்கம் மேலே வரும்படி பிடிக்க, கைப்பேசியின் கேமராவை வகுப்பின்மேல் மெல்ல ஓட்டினால் யார் எந்த விடை என்று பெயரோடு வந்துவிடும். ஒவ்வோர் அட்டையின் கோலமும் வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் திருப்பிவைப்பது எளிதல்ல.

சொதப்பும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். பளபளக்கும் லேமினேஷன் போட்டால் விளக்கொளி பட்டு அட்டை படிக்காது, ஆகவே மங்கலான தடித்த தாளில் அச்சிடுங்கள். விரல் கருப்புக் கட்டத்தை மறைத்தாலும் படிக்காது. ஓரத்தைப் பிடிக்கப் பழக்க வேண்டும். பெரிய வகுப்பில் கடைசி வரிசைக்குப் பெரிய அட்டை கொடுங்கள். முதல் நாள் கணக்கு வேண்டாம், 'இன்று என்ன கிழமை' என்று கேட்டு அட்டை பிடிப்பதை மட்டும் பழக்குங்கள். கைப்பேசி இல்லாத நாளில் சிலேட்டு போதும்: எல்லோரும் எழுதி, சொன்னதும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். ஒவ்வொருவராகத் தூக்கவிட்டால் முதலில் தூக்கியவரின் விடையே வகுப்பு முழுக்கப் பரவிவிடும்.

40 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: அட்டைக் கேள்வி 5, எல்லோருக்கும் பொதுவாகப் பாடம் 10, குழுவேலை 20, கடைசியில் தாளில் ஒரே கணக்கு 5. குழுவேலையில் 12 பேர் டேப்லெட்டில், 17 பேர் இருவர் இருவராகச் செயல்தாளில் (ஓரிடத்தில் மூவர்), ஏழு பேர் உங்களோடு குச்சியும் தாளுமாக. டேப்லெட் முறை நாளுக்கு நாள் மாறட்டும்.

புரொஜெக்டரில் ஒரு சிக்கல் உண்டு. கழித்தலைக் காட்டும் அசைவுப்படங்களில் ஒரு படி வந்து மறைந்து அடுத்தது வரும். மறைந்த படியை மனத்தில் பிடித்துவைக்க முடியாத பிள்ளை அங்கேயே விட்டுப்போகிறது. எழுதிய படிகள் எல்லாம் திரையிலேயே நிற்க வேண்டும். திரையின் இடப்பக்கம் முழுதாகச் செய்த கணக்கு, வலப்பக்கம் அதே வகையில் செய்யாத கணக்கு என்று வையுங்கள். செய்துகாட்டிய கணக்கைப் படித்துவிட்டு அதே மாதிரி ஒன்றைச் செய்வது, தொடக்கத்திலிருப்பவருக்கு வெறுமனே கணக்குகளாகப் போட்டுக்கொண்டிருப்பதைவிடப் பயனுள்ளது என்பதை கல்வி ஆய்வாளர்கள் ஸ்வெல்லரும் கூப்பரும் 1985-இல் இயற்கணிதத்தில் காட்டினார்கள். கழித்தலுக்கும் அது பொருந்தும். பிள்ளைக்குக் கை வந்தபின் இடப்பக்கத்தை எடுத்துவிடுங்கள். தேவை தீர்ந்தபின்னும் வைத்திருந்தால் பார்த்து எழுதும் பழக்கம்தான் வரும்.

வாசிப்புத்துணை

டேப்லெட்டை அந்த ஏழு பேரிடமிருந்து முழுதாக எடுத்துவிட வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன். கற்றுக்கொண்டபின் நினைவில் நிறுத்துவதற்கு அது நல்ல துணை. இரண்டு நிபந்தனைகள்: விடையைத் தொடுவதற்குப் பதில் இலக்கங்களைத் தாமே தட்டச்சு செய்ய வேண்டும், குறிப்புப் பொத்தானை அணைத்துவைக்க வேண்டும். தினம் இருபது நிமிடத்துக்குப் பதில், கற்ற நாளுக்கு மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று ஐந்தைந்து நிமிடம் கொடுங்கள். மீண்டும் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்ப்பது நீண்ட நாள் நிற்கும் என்பதை உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். இடையில் நாள் விடுவதற்கும் காரணம் உண்டு: கொஞ்சம் மறந்தபின் எடுத்துப் பார்த்தால்தான் பிள்ளைக்குப் பிடிபட்டிருக்கிறதா என்பது நமக்கும் தெரியும்.

இனி அந்த இருவர். அந்த வேளையில் நீங்கள் அளப்பது எதை என்பதைப் பொறுத்தே ஒலி சரியா தவறா என்பது. கணக்குப் பாடவேளையில் அளப்பது கழித்தலை. அங்கே கேள்வியை வாசித்துக் காட்டுவது நியாயம். இல்லாவிட்டால் வாசிப்புக் குறையைக் கணக்குக் குறையாக எழுதிவிடுவோம். வாசிப்புப் பாடவேளையில் அதே ஒலி, செய்ய வேண்டிய வேலையையே பிள்ளையிடமிருந்து பறித்துவிடும்.

செயலியின் தானியங்கிக் குரலை அப்படியே நம்பாதீர்கள், ஒவ்வொரு கேள்வியையும் முன்பே கேட்டுப் பாருங்கள். கழித்தல் குறியைச் சொல்லாமல் தாண்டிவிடுவதும், எண்ணை இலக்கம் இலக்கமாகப் படிப்பதும் நடக்கும். உங்கள் குரலில் பதிவதே மேல். ஒரு கேள்விக்கு 15 முதல் 20 வினாடி. 'ஐந்நூற்று மூன்றிலிருந்து இருநூற்று அறுபத்தேழைக் கழி' என்று எண்ணுப்பெயரோடு சொல்லி, பின் இரண்டு வினாடி இடைவெளி விட்டு, மறுபடி ஒருமுறை சொல்லுங்கள். கோப்புக்குக் கேள்வி எண்ணையே பெயராக வைத்தால் பிள்ளை தானே கண்டுபிடித்துக்கொள்ளும். எழுத்து வடிவமும் கண்முன் இருக்கட்டும், கேட்கும்போது விரலை ஓட்டச் சொல்லுங்கள்.

வாசிப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய, 100 சொல் கொண்ட பத்தியை உரக்க வாசிக்கச் சொல்லித் தவறுகளை எண்ணுங்கள். 95 சொல்லோ அதற்கு மேலோ சரியென்றால் அந்தப் பத்தியைத் தனியே வாசிக்க முடியும். 90 முதல் 94 வரை என்றால் துணையோடு. 90-க்குக் கீழே என்றால் அதைவிட எளிய பத்தி கொடுக்க வேண்டும். எண்ணிக்கையோடு நிறுத்தாமல் தவறின் வகையையும் குறியுங்கள்: கொம்பையும் காலையும் பிரித்தறியாமல் 'கொ'வை 'கெ' என்கிறதா, ன-ண, ர-ற மாறுகிறதா, முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறதா? மூன்றுக்கும் பயிற்சி வேறு வேறு.

புதுச்சுண்ணம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐந்து கணக்குத் தாளைத் திருத்திவிட்டேன்: நால்வர் 364 வகை, ஒருவர் 336 வகை. வாசிக்கச் சிரமப்படும் இருவரும் எண்களைச் சொல்லிக் கொடுத்தால் நான்கு கணக்கைச் சரியாகப் போடுகிறார்கள். அவர்களைக் கணக்கில் பின்தங்கியவர்கள் என்று இத்தனை நாள் தவறாக நினைத்திருக்கிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். என்னோடு உட்காரும் குழுவை மற்ற பிள்ளைகள் 'மக்குக் குழு' என்று சொல்லத் தொடங்கிவிட்டால்? பயிற்சிப் பதிவேட்டில் இதை எப்படி எழுதுவது?

கரும்பலகை

அந்தப் பெயர் ஒட்டிக்கொள்வது குழுவின் ஆட்கள் மாறாதபோதுதான். அன்றைய அட்டைக் கேள்வியின் விடையை வைத்து அன்றைக்குக் குழுவைப் போடுங்கள். 336 எழுதியவர்களில் நன்றாகப் படிக்கும் பிள்ளையும் இருக்கும், அதுவும் உங்கள் பக்கத்தில் வந்து உட்காரட்டும். வாரம் ஒருநாள், எல்லாம் சரியாகப் போட்டவர்களை அழைத்து 1000 - 367 போன்ற கடினமான கணக்கைக் கொடுங்கள். உங்கள் மேசைக்கு வருவது எல்லோருக்கும் உரியது என்று ஆகிவிடும்.

இடமதிப்பு

பதிவேட்டில் 'டேப்லெட் பயன்படுத்தினேன், ஆர்வமாகக் கற்றனர்' என்று எழுதாதீர்கள். வழிகாட்டி ஆசிரியருக்கும் அதில் ஒன்றும் தெரியாது, அடுத்த வாரம் உங்களுக்கும் உதவாது. ஒரு பிள்ளைக்கு நான்கு வரி, பெயருக்குப் பதில் வரிசை எண்:

எண் 14. தவறு: 503 - 267 = 364, 52 - 27 = 35.
செய்தது: குச்சிக்கட்டும் தாளும் சேர்த்து, 3 நாள், நாளுக்கு 12 நிமிடம்.
குறிப்பின்றித் தாளில்: 5-இல் 3 சரி, 503, 600 இரண்டிலும் பூச்சியத்தில் நிற்கிறது.
அடுத்து: நூறு-பத்து அட்டை, ஏழாம் நாள் மறுபடி இதே ஐந்து வகை, எண்கள் மாற்றி.

செயலியின் சதவீதத்தைக் குறிப்பதானால் தாளின் மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டும் விலகிப்போகும் பிள்ளையை மறுநாள் முதலில் கவனியுங்கள்.