சிலிண்டர் போர் மாற்றிய சேதக் ஸ்கூட்டரில் கூலிங் கவர் உட்காரவில்லை

கேள்வி (காரைக்குடி): அப்பச்சி ஓட்டிய டூ ஸ்ட்ரோக் சேதக். 150 சிசி சிலிண்டரை எடுத்துவிட்டுப் பெரிய போர் கிட் (அகலமான சிலிண்டரும் பிஸ்டனும்) போட்டிருக்கிறேன். சிலிண்டர் மேல் மூடியான புது ஹெட் தடிமனாக இருப்பதால் கூலிங் கவர் தட்டுகிறது, ஸ்பார்க் பிளக் ஓட்டையும் நேராக வரவில்லை. கவர் இல்லாமலே ஓட்டலாம் என்கிறார்கள் ஒரு பட்டறையில். எனக்கு மனசு வரவில்லை.

பதில் (தேவகோட்டை): தம்பி, கவர் இல்லாமல் பிள்ளையார்பட்டி வரைகூடப் போகாதீர்கள். ஃபிளைவீல் ஃபேன் தள்ளும் காற்றை ஃபின்களுக்குள் (சிலிண்டரைச் சுற்றிச் சூட்டை வெளியேற்றும் தகடுகள்) திருப்பிவிடுவதே அந்தக் கவர்தான். அது இல்லாவிட்டால் காற்று சிதறிப்போகும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஃபின் நுனிகளில் சாக்பீஸ் தேய்த்து, கவரை வைத்து எடுங்கள். உள்ளே வெள்ளை ஒட்டிய இடத்தை மட்டும் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவுங்கள். பிளக் ஓட்டையைப் பெரிதாக்கலாம், ஆனால் பிளக் ரப்பர் மூடுகிற அளவுக்குத்தான்.

பதில் (கானாடுகாத்தான்): அண்ணன் சொல்வது சரி. வாஷர் கொடுத்துக் கவரைத் தூக்கினால் ஃபேன் பக்கம் இடைவெளி விழும், அதைக் கட்டாயம் அடையுங்கள். அப்புறம் கார்பரேட்டரில் பெட்ரோல் அளவை முடிவுசெய்யும் மெயின் ஜெட்டை மாற்றினீர்களா? பெட்ரோல் குறைவாகப் போனால் கவர் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் சூடு அடங்காது.

கேட்டவர்: ஜெட் இன்னும் பழையதுதான் அண்ணே. அதை மாற்றிவிட்டே ஸ்டார்ட் செய்கிறேன். சாக்பீஸ் வாங்கியாச்சு.