தியான இல்லப் பராமரிப்புக்குத் தன்னார்வலராகச் செல்ல ஜூன் மாதம் ஏற்றதா?

கேள்வி: நாகர்கோவில் மாணவர்

அனைவருக்கும் வணக்கம். கட்டடப் பொறியியலில் டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருக்கிறேன். குலசேகரத்துக்கு அருகே ரப்பர் தோட்டங்களின் நடுவில் உள்ள ஒரு தியான இல்லத்தில், ஜூன் மாதம் முழுவதும் தங்கிப் பராமரிப்பு வேலைகளைச் செய்ய விரும்புகிறேன். ஓட்டுக் கூரையும் திறந்த கிணறும் உள்ள பழைய கட்டடம் அது. உணவும் தங்குமிடமும் தருவார்கள். எந்த வேலைகளுக்கு நான் ஆயத்தமாக வேண்டும்?

பதில்: தக்கலைவாசி

தம்பி, உங்கள் எண்ணம் நல்லது, மாதம்தான் சரியில்லை. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுவதும் தியான இல்லங்களில் ஆட்கள் நிறைந்திருப்பார்கள். ஈஸ்டர் முடிந்ததும் அறைகள் காலியாகும். தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தில் வந்துவிடும் என்பதால், இவற்றுக்கு இடைப்பட்ட சில வாரங்களே கூரையில் கைவைக்க ஏற்ற காலம். அதிலும் மே மாதத்தில் சிறுவர் முகாம் நடத்தும் இல்லங்களாக இருந்தால் நாட்கள் இன்னும் குறையும்.

ரப்பர் மரங்கள் டிசம்பர் முதல் இலையுதிர்க்கும். அந்தச் சருகு கூரை மடக்குகளிலும் கூரை ஓரத்து மழைநீர் வடிகால்களிலும் அடைந்து மட்கி மண்ணாகிவிட்டால், வழிய வேண்டிய நீர் பின்வாங்கி ஓட்டின் அடியில் இறங்கி, ஓட்டைத் தாங்கும் மரச்சட்டமான கழுக்கோலை நனைக்கும். நனைந்த மரத்தைக் கறையான் விடாது. ஓடு ஒன்று உடைவதைவிட, அந்த ஈரம் யாருக்கும் தெரியாமல் நீடிப்பதே கட்டடத்துக்குப் பெரிய கேடு. எனவே ஏப்ரலில் சருகு அள்ளுவதும், மழை பெய்யும் நாளில் உள்ளே நின்று ஒழுகும் இடங்களைக் குறித்து வைப்பதும் உங்களுக்கு ஏற்ற வேலைகள். பாசி பிடித்த ஓட்டின் மீது ஏறுவதைப் பழகிய தொழிலாளியிடம் விட்டுவிடுங்கள்.

பதில்: முன்னாள் சுகாதார ஆய்வாளர்

தக்கலைவாசி ஐயா கூரையைச் சொல்லிவிட்டார். என் கவலை நீரைப் பற்றியது. மழையில் திறந்த கிணற்றுக்குள் கலங்கல் நீர் இறங்குமாதலால், குளோரின் இடுவதை ஒழுங்காகச் செய்யுங்கள். 1000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது வழக்கமான அளவு. 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீர் ஆழமும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 9,400 லிட்டர் இருக்கும். அதற்கு 24 கிராம் போதும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் இரவில் ஊற்றிக் கலக்கிவிட்டால், காலையில் பயன்படுத்தலாம். திறந்து கிடந்த பவுடருக்கு வீரியம் இருக்காது.

இன்னொன்று, மழைக்காலத்தில் பால்வெட்டு, அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் எடுப்பது, நின்றிருக்கும்போது, அந்தப் பாலைப் பிடிக்க ரப்பர் மரங்களில் மாட்டிய சிரட்டைகளில் நீர் தேங்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக மாற ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகிறது. ஆகையால் வாரம் ஒருமுறை தோட்டக்காரரின் இசைவுடன் சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள். இந்த ஒரு வேலைக்காக ஜூனில் போனாலும் தகும் என்பேன்.

பதில்: மார்த்தாண்டம் சகோதரி

இருவரும் வேலையைச் சொன்னார்கள். நான் முறையைச் சொல்கிறேன். அங்கே ஏற்கெனவே கூலிக்குத் தோட்டம் பார்ப்பவரும் சமையல் செய்பவரும் இருப்பார்கள். இலவசமாக ஓர் ஆள் வந்ததும் அவர்களுடைய கூலி நாட்களைக் குறைக்கும் எண்ணம் நிர்வாகத்துக்கு வரலாம். அப்படி நேராதென்று பொறுப்பாளரிடம் முன்கூட்டியே உறுதி பெறுங்கள். ஜெபவேளைகளில் இரைச்சலான வேலை கூடாதென்பதால் அன்றாட நேர அட்டவணையையும் வாங்கிக்கொள்ளுங்கள். விபத்து நேர்ந்தால் மருத்துவச் செலவு யாருடையது என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். சேவை என்பதற்காக அதைக் கேட்காமல் விடுவது நம்மவர்களிடம் உள்ள பழக்கம்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஜூனை மாற்ற இயலாதென்று இல்லத்தார் கூறினால், கூரையை விட்டுவிட்டுக் கிணற்றையும் சிரட்டைகளையும் மட்டும் ஏற்கலாமா?

பதில்: தக்கலைவாசி

ஏற்கலாம். ஒழுகும் இடங்களையும் அப்போதே ஒரு வரைபடத்தில் குறித்து இல்லத்தாரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த ஏப்ரலில் வரும் ஓட்டுத் தொழிலாளிக்கு அது உதவும்.