ஷாபந்தர் = துறைநாயன்?

வணக்கம். மலாக்கா சுல்தானகம் பற்றிய கட்டுரையில் ஷாபந்தருக்குத் 'துறைமுக அதிகாரி' என்று போட்டிருக்கிறோம். எனக்கு ஒப்பவில்லை.

துறைமுக அதிகாரி என்றால் துறைமுகத்துக்கு ஒருவர் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். மலாக்காவில் ஒரே துறையில் 4 ஷாபந்தர்கள் இருந்தார்கள். குஜராத்திகளுக்கு ஒருவர், சோழமண்டலக் கரை, வங்கம், பெகு, பாசாய் வணிகருக்கு ஒருவர், ஜாவா, மொலுக்கா, பண்டா பக்கத்தாருக்கு ஒருவர், சீனர், ரியூக்யூ, சம்பாக்காரருக்கு ஒருவர். கப்பல் வந்து நின்றதும் தன் ஆட்களைப் பெண்டஹாராவிடம் (முதலமைச்சர் என்று வையுங்கள்) அழைத்துப் போவது, சரக்குக்குக் கிடங்கு பார்ப்பது, சுமக்க யானை பிடித்துக் கொடுப்பது வரை இவர் தலையில்தான். 1511இல் போர்த்துக்கீசியர் ஊரைப் பிடித்தபின் அங்கே வந்த தொமே பிரெஸ் என்ற போர்த்துக்கீசியர் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். ஆக, பாதி அரசு ஆள், பாதி வணிகரின் ஆள்.

ஷாபந்தர் பாரசீகச் சொல், அதை அப்படியே பெயர்த்தால் 'துறையரசர்'. அப்புறம் சுல்தானை எங்கே உட்கார வைப்பது?

சுமத்ராவில் பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறதே, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வைத்தது, அதில் கப்பல் தலைவனை 'மரக்கல நாயன்' என்கிறார்கள். அந்தக் கடலிலேயே புழங்கிய நம் சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஏன் தேட வேண்டும்? நகுதாவுக்கு (மலாக்காவில் கப்பல் தலைவன்) மரக்கல நாயன் என்றே வைப்போம், அதே வழியில் ஷாபந்தர் 'துறைநாயன்'. குஜராத்தித் துறைநாயன், சீனத் துறைநாயன் என்று முன்னொட்டும் ஒட்டிக்கொள்கிறது.

நான் முதலில் நினைத்தது துறைநாயகம்தான். ஆனால் இலங்கையில் பணிப்பாளர் நாயகம், ஆணையாளர் நாயகம் என்று பதவிகள் நடப்பில் இருக்கின்றன, ஏதோ திணைக்களத் தலைவர் என்று எடுத்துக்கொள்வார்கள். திசைநாயகம் என்றும் பார்த்தேன், அது யாழ்ப்பாணத்தில் ஆள் பெயர்!

இன்னொன்று. மலாக்காக் கடல் சட்டத்தில் 'கிவி' வருகிறது, கப்பலில் இடம் பிடித்துச் சொந்தச் சரக்கோடு போகும் வணிகர். லோபு துவாக் கல்வெட்டிலும் மரக்கல நாயனை அடுத்துக் 'கேவிகள்' வருகிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. கேவி என்றே எழுதலாமா? கிவி என்றால் எல்லாரும் பழத்தைத்தான் நினைப்பார்கள்.