பொருள்: மறு: நிறம் தேரும் பெட்டிக்குப் பெயர்

> பேசிக் மொழி நிரலிலிருந்து விண்டோசின் கலர் பெட்டியை அழைப்பது பற்றிப் பாடம் எழுதுகிறேன். "வண்ணந்தெரிவி உரையாடல்" சரிவருமா?

வணக்கம் ஐயா,

"தெரிவி" வேண்டாம். "நிறத்தைத் தெரிவி" என்றால் நிறத்தைச் சொல் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். (திரையில் ஒரு புள்ளியைத் தொட்டால் அதன் நிறத்தைச் சொல்கிற சொட்டுக்குழல் கருவிக்கு வேண்டுமானால் அது பொருந்தும்!) "தேர்வி"யும் உதவாது, தேர்வது பயனர், பெட்டி அல்ல. டயலாக் என்பதற்கு இட்ட "உரையாடல்" இங்கே வெறும் சுமை. "நிறத்தேர்வுப் பெட்டி" போதும். வண்ணமா நிறமா என்றால், சிவப்பு நிறம், கறுப்பு நிறம் என்று சொல்லிப் பழகிய வாய்க்கு நிறமே எளிது.

ஆனால் பாடத்துக்கு இந்த ஒரு சொல் போதாது. இந்தப் பெட்டியைத் திறப்பது, விண்டோசின் காம்டில்ஜி32 டிஎல்எல் என்ற கோப்பில் உள்ள சூஸ்கலர் என்ற செயற்கூறு (ஃபங்ஷன்). அதை அழைத்தால் இரண்டு விடைகள் வரும். பயனர் ஓகே கொடுத்தாரா என்பதை அழைப்பு திருப்பும் எண் சொல்லும். கேன்சல் என்றால் 0. எடுத்த நிறமோ நாம் அனுப்பிய கட்டமைப்புக்குள் (பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்பு), ஆர்ஜிபிரிசல்ட் என்ற இடத்தில் இருக்கும். கறுப்பின் எண்ணும் 0தான். இரண்டையும் "தேர்வு" என்றே எழுதினால், கேன்சல் அடித்தவரின் படம் கறுப்பாகிவிடும் நிரலைத்தான் மாணவர் எழுதுவார். அதனால் முதலாவதை "பெட்டியின் விடை" என்றும், இரண்டாவதை "தேர்ந்த நிறம்" என்றும் பிரிக்கலாம். இரண்டையும் சேர்த்து நாமே ஒரு செயற்கூறு எழுதினால் அதற்கு "நிறந்தேர்" என்று பெயர் வைக்கலாம். கேன்சலுக்கு அது -1 திருப்பட்டும், எந்த நிறத்துக்கும் அந்த எண் கிடையாது.

"நிற எண்" என்பதற்கும் ஒரு வரி விளக்கம் சேருங்கள். இங்கே சிவப்பு 255, நீலம் 16711680. இதே 16711680ஐப் பதினறும எண்ணாக்கி (ஹெக்ஸ்) வலைப்பக்கத்தில் போட்டால் சிவப்பு வரும், ஏனென்றால் அங்கே சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் வரிசை தலைகீழ்.

அப்புறம், பெட்டியில் ஆயத்தமாக உள்ள 48 நிறங்கள் "அடிப்படை நிறங்கள்". கீழே உள்ள 16 கட்டங்களுக்கு "சேர்த்த நிறங்கள்" என்பது என் பரிந்துரை. பயனர் தானே கலந்து சேர்ப்பவை அவை. அந்த 16 நிற எண்களுக்கான அணியை (அர்ரே) நிரல்தான் கொடுக்க வேண்டும், அடுத்த முறைக்கு வைத்திருக்கவும் வேண்டும். "தனிப்பயன் நிறங்கள்" என்று எழுதினால் இது விளங்காது.

கேன்சலுக்கு "ரத்து செய்" பழகிவிட்டது. அதைத் தொட வேண்டாம்.