பிரெக்சிட் நாட்கள்: எனக்கு ஓட்டு இருந்தது, அவளுக்கு இல்லை

சண்டர்லாந்திலிருந்து:

நான் மதுரைக்காரி, 2013-இல் நர்ஸ் வேலைக்காக இங்கே வந்தேன். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா என்று 2016 ஜூன் 23-இல் வாக்கெடுப்பு நடந்தபோது என்னிடம் இருந்தது இந்திய பாஸ்போர்ட்தான். ஆனாலும் காமன்வெல்த் நாட்டவர் என்பதால் எனக்கு ஓட்டு உண்டு என்று வீட்டுக்கே அட்டை வந்துவிட்டது. என் வார்டில் கூட வேலை பார்த்த ஸ்பெயின்காரி இந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு வருஷம், பிள்ளைகள் இரண்டும் இங்கேயே பிறந்தவை, அவளுக்கு ஓட்டு இல்லை. அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ்காரர்களைத் தவிர ஐரோப்பிய நாட்டவர் யாருக்குமே இல்லை. "மூன்று வருஷம் ஆன நீ என் தலையெழுத்தை எழுதப் போகிறாய்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இருக்க வேண்டும் என்றுதான் ஓட்டுப் போட்டேன்.

அன்று ராத்திரி ட்யூட்டி. நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் எங்கள் ஊர் முடிவு வந்தது, 61 சதவீதம் பேர் வெளியேறச் சொல்லியிருந்தார்கள். விடியும்போது மொத்த நாடும் 51.9-க்கு 48.1 என்று தெரிந்துவிட்டது. வார்டில் ஒரு பெரியவர் இருந்தார், கப்பல் கட்டும் யார்டில் வெல்டராக இருந்தவர், கடைசி யார்டை 1988-இல் மூடியதிலிருந்து நிலையான வேலையே கிடைக்காதவர். சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார். "உங்கள் பேரன் நிஸ்ஸானில்தானே இருக்கிறான், அங்கே செய்கிற கார் போவது ஐரோப்பாவுக்குத்தானே" என்று கேட்டேன். "அவனும் இதையேதான் சொன்னான், ஒரு வாரமாக என்னோடு பேசவில்லை" என்றார். அப்புறம், யார்டு மூடிய நாளிலிருந்து இந்த ஊரை எவன் திரும்பிப் பார்த்தான், முதல் தடவையாக நாங்கள் சொன்னது லண்டனில் கேட்டிருக்கிறது என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை.

காலையில் கட்டு மாற்ற வந்தது அந்த ஸ்பெயின்காரிதான். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் உன்னைச் சொல்லவில்லை, கண்ணு" என்றார். "என்னைத்தான் சொன்னீர்கள்" என்று சொல்லிவிட்டு, கட்டை அவ்வளவு பதமாகப் பிரித்தாள்.

ஹரோவிலிருந்து:

எங்கள் வீட்டில் சண்டை ஒரே மேசையில் நடந்தது. அம்மாவும் அப்பாவும் ஊரிலிருந்து அகதியாகப் போனது ஹொலண்டுக்கு, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று 2005-இல் லண்டன் வந்தோம், எல்லாரிடமும் டச்சு பாஸ்போர்ட். மாமா, அம்மாவின் சொந்த அண்ணன், நேரே இங்கே வந்து பிரிட்டிஷ் குடியுரிமை எடுத்தவர், சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். ஊரிலிருந்து ஒரு சமையல்காரரைக் கூப்பிட அவர் அலைந்த அலைச்சல் எங்களுக்குத் தெரியும். போலந்திலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்து நாளைக்கே வேலை செய்யலாம், என் ஆளுக்கு மட்டும் ஏன் இத்தனை கதவு என்பார். அப்போது அமைச்சராக இருந்த பிரீத்தி பட்டேலும் வெளியேறினால் கறிக் கடைகள் பிழைக்கும் என்று பேசினார், மாமா அதை நம்பினார்.

"அண்ணா, நீங்கள் வேண்டாம் என்கிற அந்தச் சனத்தில நானும் ஒருத்தி" என்று அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னா. மாமா சிரித்தார். "நீ எங்கட ஆள், உன்னை ஆர் அனுப்புறது?" அம்மா கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டா.

பிறகு எங்களைப் போல ஐரோப்பிய பாஸ்போர்ட் வைத்திருந்த எல்லாரும் இங்கே தொடர்ந்து இருக்கக் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டி வந்தது. பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்கிற செயலி ஆரம்பத்தில் ஆண்ட்ராய்டு ஃபோனில் மட்டும்தான் வேலை செய்தது, வீட்டில் எங்கள் எல்லாரிடமும் ஐஃபோன். மாமாதான் தன் ஃபோனைக் கொண்டுவந்து ஒரு பின்னேரம் முழுக்க அம்மாவோடு இருந்து முடித்தார். அப்பா சுகமில்லாத தம்பியைப் பார்க்க இடையில் ஹொலண்டில் போய் நின்றதால் ஐந்து வருடத் தொடர்ச்சி இல்லை என்று அவருக்கு முழு அனுமதி கிடைக்கவில்லை, தற்காலிகமானதுதான் கிடைத்தது. பிரிட்டிஷ் குடியுரிமை எடுக்கலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. எடுத்தால் டச்சுக் குடியுரிமை போய்விடலாம், இரண்டாவது முறையும் ஒரு நாட்டை விட அப்பாவுக்கு மனம் வரவில்லை.

மாமாவுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2021-இல் விசா முறை மாறிய பிறகு அவருக்கு ஒரு சமையல்காரர் கிடைத்தார், அது உண்மை. 2024 ஏப்ரலில் வருடச் சம்பளம் குறைந்தது 38,700 பவுண்டு வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள், எந்தத் தோசைக் கடைக்கு அது கட்டும்? பிழை விட்டுவிட்டேன் என்று மாமா ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் அப்பாவின் கடிதம் எது வந்தாலும் முதலில் வாங்கிப் படிப்பது அவர்தான்.

லீட்ஸிலிருந்து:

நான் வெளியேறுவதற்கு ஓட்டுப் போட்டவன், அதற்காக வீதியில் நின்றவன். சட்டம் போடுகிறவர்களை நம் ஓட்டால் இறக்க முடிய வேண்டும் என்பதுதான் என் வாதம், இப்போதும் அதுதான். எங்கள் பிரசார மேசைக்கு எதிரே மறுதரப்பின் மேசை. அதில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தினமும் என்னோடு சண்டை பிடிப்பார், சில நாள் குரல் உயர்ந்து கடைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

ஜூன் 16, வியாழன் மத்தியானம். எங்களுக்குப் பக்கத்திலுள்ள பெர்ஸ்டாலில் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ காக்ஸைத் தாக்கிவிட்டார்கள் என்ற செய்தி அவருடைய ஃபோனில்தான் முதலில் வந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேருக்கும் ஒன்றும் ஓடவில்லை. பிறகு இறந்துவிட்டார் என்று வந்தது. அந்த அம்மாவால் மேசைக் காலை மடக்க முடியவில்லை, கை அப்படி நடுங்கியது, நான் போய் மடக்கிக் காரில் ஏற்றினேன். இரண்டு தரப்பும் பிரசாரத்தை நிறுத்தின.

அடுத்த வாரம் திரும்ப வந்தபோது அவர் நேரே என் மேசைக்கு வந்து ஒரு துண்டுத்தாளை எடுத்து, அங்கேயே நின்று முழுதும் படித்தார். "இந்த ஒரு வரி பொய், உனக்கே தெரியும்" என்றார். வாரத்துக்கு 35 கோடி பவுண்டு ஐரோப்பாவுக்குப் போகிறது என்ற வரி அது, எங்கள் தரப்பின் பிரசாரப் பேருந்திலும் எழுதியிருந்தார்களே, அதே கணக்கு. பிரிட்டனுக்குக் கிடைக்கும் தள்ளுபடியைக் கழிக்காத தொகை அது, புள்ளிவிவர ஆணையமே தவறான எண்ணத்தைத் தருகிறது என்று சொல்லிவிட்டது. தெரியும் என்றேன். மிச்சமிருந்த துண்டுத்தாள்களைப் பைக்குள் வைத்துவிட்டு, வாக்கெடுப்புக்கு முந்தைய அந்த மூன்று நாளும் வெறுங்கையோடு நின்று வாயால் மட்டும் பேசினேன்.