அப்பாவின் "சீக்கோ 5" வாட்ச் நாளுக்குப் பத்து நிமிடம் முந்துகிறது: மெஷினை மாற்றத்தான் வேண்டுமா?

காரைக்குடிக்காரன்:
வணக்கம். பழைய வாட்ச் பற்றித் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள். அப்பா சவுதியில், தம்மாமில் வேலை பார்த்தபோது வாங்கிய சீக்கோ 5 ஆட்டோமேட்டிக் இது. பின்மூடியில் மாடல் எண் 7009 என்று தொடங்குகிறது. தனியாக ஆறு இலக்கத்தில் இன்னொரு எண், 5N என்று தொடக்கம். வெள்ளி நிற டயல். கிழமை ஆங்கிலத்திலும் அரபியிலும் வருகிறது.

பொங்கலுக்குப் போனபோது பீரோவிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார். பல வருடமாகச் சும்மா கிடந்தது. கையில் வாங்கி நாலு ஆட்டு ஆட்டியதும் வினாடி முள் ஓடத் தொடங்கிவிட்டது. அப்பாவுக்கும் எனக்கும் அவ்வளவு சந்தோஷம்.

முதல் ஒரு மாதம் நாளுக்கு அரை நிமிடம்தான் முந்தியது. போன வாரத்திலிருந்து பத்து நிமிடம்! காலை 8 மணிக்குச் சரியாக வைத்தால் மறுநாள் 8 மணிக்கு 8.10 காட்டுகிறது. கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் காட்டினேன். "மெஷின் போச்சு தம்பி, வேற மெஷின் போட்டு, டயலுக்கும் புதுசா பெயின்ட் அடிச்சுத் தர்றேன்" என்றார். டயலில் 4 மணிக்குப் பக்கத்தில் கடுகளவு பழுப்புப் புள்ளி இருக்கிறது, அதற்காகச் சொல்கிறார். எனக்கு அப்பா கட்டியிருந்த வாட்ச் அப்படியே வேண்டும்.

இன்னொன்று: சாவியைத் திருகினால் வைண்ட் ஆகவில்லை. அதுவும் கோளாறா?

மதுரை வாட்ச் பிரியன்:
ஆயில் காய்ந்திருக்கும். முழு சர்வீஸ் கொடுங்கள், சரியாகிவிடும்.

பழைய டயல்:
தம்பி, மெஷினை மாற்றச் சம்மதிக்காதீர்கள். சர்வீஸ் ஒருநாள் தேவைதான், ஆனால் இந்தக் கோளாறுக்குக் காரணம் ஆயிலாக இருக்காது என்று நினைக்கிறேன். ஆயில் காய்ந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நேரம் கெடும், அப்புறம் நின்று நின்று ஓடும். நன்றாக ஓடிய வாட்ச் ஒரே வாரத்தில் அரை நிமிடத்திலிருந்து பத்து நிமிடத்துக்குத் தாவினால், நான் முதலில் பார்ப்பது காந்தம்.

உள்ளே பேலன்ஸ் வீல் என்று ஒரு சின்னச் சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடித்தான் நேரத்தை அளக்கிறது. அதை ஆட்டுவது ஹேர்ஸ்பிரிங். கொசுவர்த்திச் சுருள் மாதிரி இருக்கும். 7009 மெஷினில் அந்த வீல் மணிக்கு 21,600 முறை, அதாவது வினாடிக்கு 6 முறை அசைகிறது. காந்தம் ஏறினால் சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் ஸ்பிரிங்கின் நீளம் குறைந்த மாதிரி ஆகிவிடும், வீல் வேகமாக ஆடும், வாட்ச் முந்தும். மெஷினில் எதுவும் தேய்ந்திருக்காது.

சோதிக்க ஒரு சின்னத் திசைகாட்டி போதும். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் முள் வைத்தது வாங்குங்கள், போனில் உள்ளது இதற்குச் சரிப்படாது. மேசையில் வைத்து, முள் நின்றதும் வாட்சை ஒரு விரல் தூரத்தில் மெதுவாகச் சுற்றிக் காட்டுங்கள். இரும்பு எதைக் கொண்டுபோனாலும் முள் லேசாக அதன் பக்கம் வரும், அதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். வாட்சின் ஒரு பக்கம் முள்ளை இழுத்து, திருப்பிப் பிடித்தால் தள்ளினால் காந்தம் ஏறியிருக்கிறது.

ராத்திரி வாட்சை எங்கே கழற்றி வைக்கிறீர்கள்?

சாவிக் கதை கோளாறே இல்லை. 7009-இல் கையால் சாவி கொடுக்கும் வசதி கிடையாது. கை அசையும்போது உள்ளே சுற்றும் எடைத்தட்டு, அதாவது ரோட்டர், எந்தப் பக்கம் திரும்பினாலும் வாட்சை ஓட்டும் மெயின் ஸ்பிரிங் ஏறும். 1959-இல் சீக்கோ கொண்டுவந்த மேஜிக் லீவர் செய்கிற வேலை அது. எத்தனை எளிமையான ஏற்பாடு! கட்டிக்கொண்டு நடந்தாலே போதும்.

காரைக்குடிக்காரன்:
ஐயா, மிக்க நன்றி. ராத்திரி டேப்லெட் மேல் வைக்கிறேன். மடிக்கிற கவர், தானாக ஒட்டிக்கொள்ளும் வகை. போன வாரம்தான் வாங்கினேன்!

பழைய டயல்:
அதேதான். கவர் ஒட்டுவதே காந்தத்தால்தான். ஸ்பீக்கர், கைப்பையின் காந்தப் பூட்டு எல்லாம் இதே கேடு செய்யும்.

காந்தத்தை இறக்க டீமேக்னடைசர் என்று கையளவு பெட்டி ஆன்லைனில் கிடைக்கும். பொத்தானை அழுத்தியபடி வாட்சை அதன் மேல் வைத்து, அழுத்தியபடியே வாட்சை மெதுவாக ஒரு கை தூரத்துக்கு விலக்கி, அப்புறம்தான் பொத்தானை விட வேண்டும். பக்கத்தில் இருக்கும்போது விட்டால் திரும்பவும் காந்தம் ஏறிவிடும். வாங்க வேண்டாமென்றால் வயதான ரிப்பேர்காரர் யாரிடமாவது போங்கள். நம் ஊரில் எச்எம்டி வாட்ச் 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டோடு தொடங்கியது. எச்எம்டி பிரித்துப் பழகிய கைக்கு ஜப்பான் மெஷின் அந்நியமில்லை.

ரெண்டாம் முள்:
டயலைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தயவுசெய்து பெயின்ட் அடிக்க விடாதீர்கள். பழைய சீக்கோ 5-க்குப் பளிச்சென்ற நிறத்தில் டயல் அடித்து விற்பது நம் நாட்டில் பெரிய தொழில். வெளிநாட்டில் சேகரிப்பவர்கள் அதற்கு "மும்பை ஸ்பெஷல்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எழுத்து தடித்து, கோடு கோணலாக இருக்கும். உங்கள் டயலில் 6 மணிக்கு அடியில், விளிம்பை ஒட்டி, மிகச் சின்ன எழுத்தில் 7009 என்று தொடங்கும் எண் தெரிகிறதா? லென்ஸ் வைத்துப் பாருங்கள். அது தெளிவாக இருந்தால் அசல் டயல் என்று நம்பலாம். அந்தப் பழுப்புப் புள்ளி இருக்கட்டும்.

பின்மூடியில் 5N என்று தொடங்குகிறதே, அதுதான் சீரியல் எண். அதில் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண். அடுத்தது மாதம். 1 முதல் 9 வரை எண்ணாகவே வரும், அக்டோபருக்கு O, நவம்பருக்கு N, டிசம்பருக்கு D. உங்களுடையது 5-இல் முடியும் ஏதோ ஒரு வருடத்தின் நவம்பர். அரபிக் கிழமை இருப்பதால் வளைகுடாவில் விற்கச் செய்தது என்பதும் பொருந்துகிறது. அப்பா எப்போது அங்கே இருந்தார்?

காரைக்குடிக்காரன்:
அண்ணே, 1983 முதல் 1989 வரை. அப்படியானால் 1985 நவம்பர்! அப்பாவிடம் போனில் சொன்னேன். "86-ல உங்க அத்தை கல்யாணத்துக்கு லீவுல வந்தப்போ கட்டிட்டு வந்தேன், கல்யாண போட்டோவுல இருக்கும் பாரு" என்றார். ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்கிறார், சட்டைக் கையை மடித்துவிட்டு. மணிக்கட்டில் இந்த வாட்ச்.

டயலின் அடியில் அந்தச் சின்ன எழுத்தும் தெளிவாக இருக்கிறது.

காரைக்குடிக்காரன் (நான்கு நாள் கழித்து):
திசைகாட்டி முள் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு வந்தது, திருப்பினால் விலகி ஓடியது. ஐயா சொன்னபடியே செய்தேன். முதல் தடவை போதவில்லை, இரண்டாம் தடவைக்குப் பிறகு முள் அசையவில்லை. இப்போது மூன்று நாளாகப் பார்க்கிறேன். நாளுக்கு 25 வினாடி முந்துகிறது. இது போதுமா?

பழைய டயல்:
தாராளமாகப் போதும். இன்றைக்குப் புதிதாக வரும் சீக்கோ 5-இல் உள்ள 4ஆர்36 மெஷினுக்கே நாளுக்கு 45 வினாடி கூடுதல், 35 வினாடி குறைவு வரை கம்பெனி ஒப்புக்கொள்கிற அளவு. உங்களுடையது 1985-இல் செய்தது. அடுத்து ஒரு சர்வீஸ் மட்டும் செய்துவிடுங்கள். மெஷினைக் கழுவி, ஆயில் போட்டு, பின்மூடி ரப்பர் வளையத்தை மாற்றச் சொல்லுங்கள். டயலைத் தொட வேண்டாம், கேஸைப் பாலிஷ் போட வேண்டாம் என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மழையில் நனைய விடாதீர்கள்.

காரைக்குடிக்காரன்:
சரிங்க ஐயா. இப்போது ராத்திரி மர அலமாரியில் வைக்கிறேன். அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன், அங்கே ஒரு பழைய எச்எம்டி ரிப்பேர்காரர் இருப்பதாக அப்பா சொன்னார். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.